சுருளியைக் குடுத்து வாங்கின கப்பு

பையில இருக்கிறது பந்துதான சார்? ஆரப்பாளையத்துல நீங்க ஏறும்போதே நெனச்சேன். புட்பாலா இருந்தா பை இப்படித் தொங்காது, இது பாஸ்கட்பால்தான்னு. கொஞ்சம் அங்கிட்டு நகந்துக்கங்க, இந்தப் பையை மட்டும் காலுக்கடியில வச்சுக்கிறேன். கடலைப்பருப்பு, கடைக்கு. நமக்கு மிக்சர் கடை சார், கல்லாறுப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல. பெத்தணன் கடைன்னு கேட்டா சின்னப்புள்ளகூட கைகாட்டும்.

பி.டி. மாஸ்டரா? ரொம்ப நல்லதாப் போச்சு. வெளையாட்டு தெரிஞ்ச ஒரு மனுசன்கிட்ட இதைக் கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்தேன். எங்க ஊர்ல ஒருத்தனுக்கும் வெளையாட்டு தெரியாது சார். பாக்கத் தெரியும், கத்தத் தெரியும். ஆட்டத்தை ஆட்டமாப் பாக்கத் தெரியாது.

கேள்வி இதுதான். மேட்சுக்கு முப்பது பாயிண்ட் போடுற ஒருத்தனைக் குடுத்துட்டு, பன்னெண்டு பாயிண்ட் போடுற ஒருத்தனை வாங்கினோம். அந்த வருசமே கப்பு அடிச்சோம். செஞ்சது சரியா, தப்பா?

இருங்க, இப்பவே சொல்லாதீங்க. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க. ஆண்டிபட்டி கணவாய் தாண்டுறதுக்குள்ள முடிச்சிருவேன்.

எங்க ஊருக்குன்னு ஒரு கிளப்பு இருக்கு சார். கூடைப்பந்துக் கிளப்பு. மத்த ஊர்ல பயக கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கிட்டுத் திரிவானுங்க, எங்க ஊர்ல ரிங்கு இல்லாத தெருவே கெடையாது. மாட்டுத் தொழுவத்துச் சுவத்துலகூட இரும்பு வளையம் அடிச்சிருப்பாங்க. சுத்துவட்டார டீமெல்லாம் சேந்து ஒரு லீக்கு நடத்துறோம். தைப்பொங்கல் முடிஞ்சு ஆரம்பிச்சா சித்திரை வரைக்கும் ஓடும். ஊர் கிளப்பு கொஞ்சம், மில்லு டீமு கொஞ்சம். ஃபைனல் எப்பவும் எங்க கிரவுண்டுலதான். சிமெண்டுக் கேலரி, சுத்தி லைட்டு, கொட்டு மேளம். திருவிழாவுக்கு வராதவன்கூட ஃபைனலுக்கு வருவான். ஆனா கப்பு மட்டும் எங்களுக்குக் கெடையாது. வருசா வருசம் ஃபைனல் வரைக்கும் போவோம், எவனாவது வந்து எங்க கண்ணு முன்னாடியே தூக்கிட்டுப் போயிருவான்.

சுருளிவேல்னு ஒரு பையன். எங்க கார்டு. கார்டுன்னா உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, பந்தைத் தட்டிக்கிட்டுப் போயி ஆட்டத்தையே நடத்துறவன். ஆளு குள்ளம். எதிர்ல நிக்கிறவன் நெஞ்சு உயரம்தான் இருப்பான். ஆனா பந்து அவன் கையில இருந்தா சார், ரெண்டு பேரு மறிச்சாலும் நடுவுல ஒரு சந்து கண்டுபிடிச்சு உள்ள போயிருவான். மேல எழும்புவான் பாருங்க, எழும்புனவன் எறங்க மாட்டான். மத்தவனெல்லாம் தரைக்கு வந்துருவான், இவன் இன்னும் மேலயே நின்னு யோசிச்சுக்கிட்டிருப்பான், எங்கிட்டுப் போடலாம்னு. நான் பொய் சொல்லல. நல்லா ஆடுனவனை நல்லா ஆடலன்னு சொல்றவன் இல்ல நான்.

ஆனா நீங்க ஒரு மாஸ்டரு, உங்களுக்குப் புரியும். ஒருத்தன் முப்பது பாயிண்ட் போட்டா மத்த நாலு பேரு என்ன செய்வான்? வேடிக்கை பாப்பான். எங்க டீமு அப்படித்தான் ஆயிப்போச்சு. பந்து கெடச்சதும் சுருளியைத் தேடுவானுங்க, குடுத்துட்டு இடுப்புல கைய வச்சு நிப்பானுங்க. ஃபைனல்ல அவனை ரெண்டு பேரு கட்டிப் போட்டா முடிஞ்சது கதை. இதை நான் மூணு வருசமாக் கேலரியில கத்திக்கிட்டிருந்தேன். ஒருத்தனும் காதுல வாங்கல.

அவனோட அப்பன் ராசாங்கம். எனக்குச் சொந்தம் கெடையாது, ஆனா மாப்ள மாப்ளன்னுதான் கூப்பிட்டுக்குவோம், ஒண்ணாம் கிளாசுலருந்து. ஸ்கூல் வேன் ஓட்டுறவன். பொஞ்சாதி போய்ச் சேந்து வருசக்கணக்காச்சு. வீட்டுல அப்பனும் மகனும் மட்டுந்தான். ராசாங்கம் சோறு வடிப்பான், மகன் கொழம்பு வைப்பான். சாயங்காலம் வேனை நிறுத்திட்டு நேரா கேலரிக்கு வந்துருவான். எம் பக்கத்துலதான் உக்காருவான். நான் ஒரு பொட்டலம் மிக்சர் கொண்டுபோவேன், ரெண்டு பேருமாத் தின்னுக்கிட்டே பாப்போம். எத்தனை வருசம்!

அந்த வருசம் என்னாச்சுன்னா, திண்டுக்கல்லுக்கு அங்கிட்டு ஒரு மில்லு. பேரு வேண்டாம் சார். அவங்க டீமும் எங்க லீக்குலதான் ஆடுது. அவங்க எங்க செக்ரட்டரியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை போட்டாங்க. "உங்க சுருளியை எங்களுக்கு விட்டுருங்க, எங்க சென்டரை, அதான் ரிங்குக்குக் கீழ நிக்கிற நெட்டைப் பையனை, நீங்க எடுத்துக்கங்க. ஆளுக்கு ஆள்." செக்ரட்டரி ஜெயவீரன், கல்யாண மண்டபம் வச்சிருக்காரு, அங்கதான் கமிட்டி கூடும். நான் கமிட்டி மெம்பரு. ராசாங்கமும் மெம்பரு.

செக்ரட்டரி விசயத்தைச் சொன்னதும் எல்லாரும் ராசாங்கத்தைப் பாக்குறாங்க. நான்தான் சொன்னேன். "மாப்ள, நீ கொஞ்சம் வெளிய இரு. மகன் விசயம் பேசுறப்ப அப்பன்காரன் உள்ள இருந்தா நாயமாப் பேச முடியாது." சொல்றது சரிதான சார்? கோர்ட்டுலயும் அப்படித்தான. அவனும் எந்திரிச்சுப் போயிட்டான். முறை தெரிஞ்சவன்.

உள்ள நான்தான் பேசினேன். இத்தனை வருசம் மனசுல இருந்ததையெல்லாம் எறக்கி வச்சேன். கீழ நின்னு பந்தைப் புடிக்க நமக்கு ஆளில்ல, போர்டுல பட்டு வர்ற பந்தெல்லாம் எதிராளிக்குத்தான் போகுது, ஒரு நெட்டையன் நடுவுல நின்னா போதும், மத்த நாலு பேரும் தானா ஆடுவான்னு. சம்மதம்னா கையைத் தூக்குங்கன்னு செக்ரட்டரி சொன்னாரு. எல்லாக் கையும் மேல.

வெளிய வந்து நான்தான் சொன்னேன், வேற எவன் சொல்வான்? ராசாங்கம் வேன் கண்ணாடியைத் தொடச்சுக்கிட்டிருந்தான். "முடிவாயிருச்சு மாப்ள. உன் மகன் நல்லதுக்குத்தான். மில்லுல வேலை குடுக்குறாங்களாம், நல்லா ஆடினா நெரந்தரம் பண்ணிருவாங்களாம்"னேன். தொடச்சுக்கிட்டே இருந்தான். "என்னைக்கிப் போகணும்?"னு கேட்டான். அவ்வளவுதான் சார். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னானா? சொல்லலயே.

சுருளி அன்னைக்கிச் சாயங்காலம் கிரவுண்டுல இருந்தான். விசயம் காதுல விழுந்த பெறகும் பிராக்டிசை நிறுத்தல. நான் போயி தோள்ல தட்டி, "பெரிய எடத்துக்குப் போறடா"ன்னேன். "சரி மாமா"ன்னான். சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு.

வந்தவன் பேரு பெனடிக்டு. தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். ஆளு எம்புட்டு உயரம்னா, நம்ம கடைக்குள்ள வந்தா தொங்குற பொட்டலமெல்லாம் மூஞ்சியில இடிக்கும். அதிர்ந்து பேச மாட்டான். எல்லாரையும் அண்ணே அண்ணேம்பான். முதல் மேட்சுலயே தெரிஞ்சு போச்சு. போர்டுலருந்து வர்ற பந்தைப் பழம் பறிக்கிற மாதிரி பறிக்கிறான். எதிராளி உள்ள வரவே பயப்படுறான். நம்ம பயலுக அதுவரைக்கும் மரமா நின்னவனுங்க, ஓட ஆரம்பிச்சானுங்க. ஒருத்தன் பத்து, ஒருத்தன் பதினாலுன்னு எல்லாவனும் பாயிண்ட் போடுறான்.

ஆனா கேலரி ரெண்டாப் பொளந்துருச்சு சார். சுருளி கட்சி, நெட்டையன் கட்சி. சுருளி கட்சிக்குத் தலைவரு அபுதாகிரு. தையல்கடை. வாயி அப்படி வெட்டும்.

"முப்பது பாயிண்ட்காரனைக் குடுத்துட்டு பன்னெண்டு பாயிண்ட்காரனை வாங்குறது என்ன யாவாரம்யா பெத்தணா? உன் மிக்சர்ல கடலையை எடுத்துட்டு ஓமப்பொடியை நெறைக்கிற மாதிரி இருக்கு."

"பன்னெண்டு போடுறான், சரி. எதிராளிக்குப் போக இருந்த இருபதை நிறுத்துறானே, அதை யாரு எழுதுறது?"

"கடைசி நிமிசத்துல ஒரு பாயிண்ட் வேணும்னா யாருகிட்டப் பந்தைக் குடுப்ப? அந்த ஏணிகிட்டயா?"

"கடைசி நிமிசம் வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போனாத்தான் அந்தக் கவலை. அதுக்கு முன்னாடியே செயிச்சிட்டா?"

"சுருளி ஆடுறதைப் பாக்கத்தான்யா நான் கடையைப் பூட்டிட்டு வர்றேன். செயிக்கிறதைப் பாக்க இல்ல."

பாத்தீங்களா, இதுதான் எங்க ஊரு. செயிக்கிறதைப் பாக்க இல்லையாம்! இப்படி ஒவ்வொரு சாயங்காலமும் ஓடும். ராசாங்கம் எம் பக்கத்துலயே உக்காந்திருப்பான். இங்கிட்டும் பேச மாட்டான், அங்கிட்டும் பேச மாட்டான். மிக்சரை நீட்டுனா ரெண்டு எடுத்துக்குவான். ஞாயித்துக்கெழமை பஸ் ஏறி மில்லுக்குப் போயி மகனைப் பாத்துட்டு வருவான். ஒரு தடவ நான்தான் கேட்டேன், எப்படி இருக்கான்னு.

"பகல்ல பஞ்சு ரூம்ல போட்டிருக்காங்க. இருமிக்கிட்டே இருக்கான். மேட்சுல கடைசிக் கொஞ்ச நேரந்தான் எறக்குறாங்களாம். வெளியதான் உக்காந்திருக்கான்."

"நல்லதுதான் மாப்ள. உக்காந்து பாத்தாத்தான் டீம் ஆட்டம்னா என்னன்னு தெரியும்"னேன்.

மனசாரத்தான் சொன்னேன். அவன் என்னைத் திரும்பிப் பாத்தான். பாத்துட்டு மறுபடி கிரவுண்டைப் பாத்துக்கிட்டான். அப்புறம் ஒருநாள், கடுமையான மேட்சு, பெனடிக்டு எதிராளி போட்ட பந்தை அந்தரத்துலயே அறைஞ்சு கேலரிக்குள்ள விட்டான். நான் எந்திரிச்சு நின்னு கத்தினேன், "இதுக்குத்தான்யா அந்தக் குள்ளனைத் தள்ளிவிட்டோம்!"னு. சந்தோசத்துல வர்றதுதான சார்? ராசாங்கம் எந்திரிச்சான். மடியில கெடந்த பொட்டலத்தை என் பக்கத்துல வச்சான். எதுத்த கேலரிக்குப் போயி உக்காந்துக்கிட்டான். சண்டையெல்லாம் கெடையாது. ஒரு வார்த்தை தடிச்சுப் பேசல. ஆனா அன்னைக்கித் தள்ளி உக்காந்தவன்தான்.

ஒரு வெளையாட்டுக்காக சார்! அம்பது வருசப் பழக்கத்தை ஒருத்தன் ஒரு வெளையாட்டுக்காக விட்டுருவானா? அதுதான் எனக்கு இன்னைக்கி வரைக்கும் ஆறல.

ஃபைனலுக்கு யாரு வந்தான்னு நெனைக்கிறீங்க? மில்லு டீமுதான். எங்க ஊர்ல சோறே பொங்கல அன்னைக்கி. சுருளியை அவங்க சும்மா உக்கார வைப்பாங்கன்னு நெனச்சா, முதல்லருந்தே எறக்கிட்டாங்க. அவன் ஊரு, அவன் கிரவுண்டு, தெரிஞ்சுதான் எறக்குனாங்க. ஆளு எளைச்சிருந்தான். வேற கலர் பனியன்ல அவனைப் பாக்க ஒரு மாதிரித்தான் இருந்துச்சு. வந்ததும் நம்ம கேலரியைப் பாத்துக் கையைத் தூக்குனான். கொஞ்சம் பேரு கைதட்டுனாங்க. நான் பாத்தேன், இது சரிப்படாது, நம்ம கேலரியே எதிராளிக்குக் கைதட்டுனா நம்ம பயலுக மனசு விட்டுருவானுங்கன்னு.

அதுக்குத்தான் அந்தக் கோஷம். நான் கட்டுனதுதான். பெருமைக்குச் சொல்லல, கொட்டுக்கு அப்படிப் பொருந்துச்சு. "உருளு உருளு, சுருளி உருளு!" மொதல்ல எங்க வரிசை, அப்புறம் கேலரி முழுக்க, அப்புறம் எதுத்த கேலரியில கொஞ்சம். அவன் கையில பந்து வந்தாப் போதும், "உருளு உருளு, சுருளி உருளு!" வெளியூர்ல இருந்து வந்தவனெல்லாம் சிரிக்கிறான். அபுதாகிரு மட்டும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தான். அவன் எப்பவும் அப்படித்தான்.

சும்மா சொல்லக்கூடாது, கோஷம் போடப் போட அவன் ஆட்டம் ஏறுது. பின்பாதியில அவனைப் புடிக்க முடியல. நாங்க முன்னாடி இருந்தோம், ரெண்டு ரெண்டாக் கொறைச்சுக்கிட்டே வர்றான். முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. பந்தைப் பறிச்சான், ஓடுறான், முன்னாடி ஆளே இல்ல, பெனடிக்டு மட்டும் பின்னாடி ஓடி வர்றான். சுருளி எழும்பிட்டான். பெனடிக்டும் எழும்பிட்டான். வேணும்னு செய்யல சார், அந்தப் பையன் அப்படிப்பட்டவன் இல்ல. அம்புட்டுப் பெரிய ஒடம்பு காத்துல போகும்போது நிறுத்த முடியுமா? இடிச்சிருச்சு. சுருளி எறங்கும்போது ஒரு கால் மட்டும் தரையில ஊணுச்சு, மேல்ஒடம்பு வேற பக்கம் திரும்பியிருந்துச்சு. கேலரி வரைக்கும் ஒரு சத்தம் கேட்டுச்சு. விறகு முறியிற மாதிரி.

கோஷம் நிக்கக் கொஞ்ச நேரமாகும்ல சார். முன்னாடி இருக்கவனுக்குத் தெரியும், பின்னாடி இருக்கவனுக்கு எப்படித் தெரியும்? அவன் காலைப் புடிச்சுக்கிட்டுத் தரையில பொரளுறான், மேல கொட்டு அடிச்சுக்கிட்டே இருக்கு, உருளு உருளுன்னு ஓடிக்கிட்டே இருக்கு. பொருத்தமில்லாமப் போச்சு. ஆனா அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? இவன் விழுவான்னு எவனுக்குத் தெரியும்? கோஷம்னா கோஷம். எல்லா ஊர்லயும் போடுறதுதான். நீங்களே கேட்டிருப்பீங்க.

ராசாங்கம் எதுத்த கேலரியிலருந்து எறங்கி கிரவுண்டுக்குள்ள நடந்து வர்றான். ரெஃப்ரி விசில் ஊதுறாரு, வெளிய போங்க வெளிய போங்கன்னு. அவன் காதுலயே விழுகல. வந்து மகன் தலைய மடியில எடுத்து வச்சுக்கிட்டான். பெனடிக்டு முட்டி போட்டு உக்காந்து, "அண்ணே, அண்ணே"ன்னு அழுகுறான். அப்புறம் நாலு பேரு தூக்கிட்டுப் போயி அந்த ஸ்கூல் வேன்லயே பின்சீட்டுல படுக்கப் போட்டாங்க. ராசாங்கமே ஓட்டிக்கிட்டுத் தேனிக்குப் போனான்.

மேட்சு நடந்துச்சு. நாங்க செயிச்சோம். கப்பு வந்துருச்சு.

மறுநாள் ஊர்வலம். எல்லாத் தெருவும் போகணும்ல, ராசாங்கம் தெருவை மட்டும் எப்படி விடுறது? விட்டா அதுதான் தப்பு. அவன் வீட்டு வாசல்ல கொட்டை நிறுத்தச் சொன்னது நான்தான், மரியாதைக்கு. மகனைக் காலையில கட்டுப் போட்டுக் கூட்டிட்டு வந்துட்டாங்கன்னு தெரியும். உள்ள கட்டில்ல படுத்திருந்தான், சன்னல் வழியாத் தெரிஞ்சுச்சு, சுவத்துப் பக்கம் திரும்பி. ராசாங்கம் வெளிய வந்தான். நேரா பெனடிக்டுகிட்டப் போனான். அண்ணாந்து பாத்து, "சாப்பிட்டியாப்பா?"ன்னு கேட்டான்.

அந்தப் பையன் கழுத்துல மாலையோட அப்படியே நின்னான். இல்லன்னு தலையாட்டுனான். ராசாங்கம் உள்ள போயி ஒரு தட்டுல சோறு போட்டுக் கொண்டாந்து குடுத்தான். அவன் வாசப்படியிலயே உக்காந்து, குனிஞ்ச தலை நிமிராமத் தின்னான். நாங்க அவ்வளவு பேரும் கப்பைத் தூக்கிக்கிட்டு நின்னோம், அவன் தின்னு முடிக்கிற வரைக்கும். நான் அன்னைக்கே சொன்னேன் அபுதாகிருகிட்ட, "பாத்தியா, ராசாங்கமே அவனை ஏத்துக்கிட்டான், உனக்கென்ன?"ன்னு.

அப்புறம்... முட்டியில ஜவ்வு கிழிஞ்சிருச்சுன்னாங்க. மதுரையில ஆபரேசன். அதுக்கப்புறம் தெனம் பயிற்சி குடுக்கணும், மாசக்கணக்கா. ராசாங்கம் வேன் ஓட்டுவானா, மதுரைக்குக் கூட்டிட்டுப் போவானா? பாதியில நின்னுபோச்சு. காலு மடங்கவே இல்ல, கம்பு மாதிரி ஆயிருச்சு. மில்லுல கேட்டதுக்கு, சீசனோட ஒப்பந்தம் முடிஞ்சுபோச்சுன்னுட்டாங்க. எங்க கிளப்பு ஏதாச்சும் செய்யணும்னு அபுதாகிரு குதிச்சான். கமிட்டியில நான் நாயத்தைச் சொன்னேன். அவன் நம்ம ப்ளேயரே இல்லையேய்யா, மாத்தியாச்சே. நாம எந்தக் கணக்குல செய்யிறது? செஞ்சா நாளைக்கி எல்லா டீமுக்காரனும் வந்து நிப்பான். மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்ல.

பெனடிக்டும் நிக்கல சார். அந்த ஃபைனலோட சரி. ஊருக்குப் போயி ஹார்பர்ல வேலைக்குச் சேந்துட்டான். பந்தையே தொடுறதில்லையாம். அடுத்த வருசம் எங்ககிட்ட கார்டும் இல்ல, சென்டரும் இல்ல. முதல் ரவுண்டுலயே வெளிய. அபுதாகிரு கட்சிக்கு வெறும் வாய்ல அவல் கெடச்ச மாதிரி ஆயிப்போச்சு. நான் சொல்றேன், அது வேற வருசம், இது வேற வருசம். மாத்துனது கப்புக்காக. கப்பு வந்துச்சா இல்லையா? கிளப்பு அலமாரியில இருக்கு, போயிப் பாத்துக்க.

ராசாங்கம் எங்கூடப் பேசவே இல்ல. என் கடை வழியா ஓட்டிக்கிட்டுப் போற வேனை, பின்தெரு வழியாச் சுத்தி ஓட்டுனான். தீவாளிக்கு ஒரு பெரிய பொட்டலமா மிக்சரு, சீவலு, அவன் தின்னுற காரச்சேவு எல்லாம் கட்டிக் குடுத்தனுப்பினேன். திருப்பி அனுப்பல. வேன்ல வர்ற புள்ளைகளுக்குப் பிரிச்சுக் குடுத்துட்டானாம். நான் போயிப் பேசியிருக்கலாம்னு என் சம்சாரம் சொல்றா. எதுக்குப் போகணும்? தப்பு செஞ்சவன் போவான். நான் என்ன செஞ்சேன்?

போன ஆவணியில ஒருநாள் காலையில, புள்ளைகளை ஏத்திக்கிட்டுப் போறப்ப நெஞ்சைப் புடிச்சிருக்கு. வேனை ஓரங்கட்டி, பிரேக்கைப் போட்டு, சாவியைத் திருப்பி நிறுத்திட்டுத்தான் சாஞ்சிருக்கான். உள்ள ஒரு புள்ளைக்கும் ஒரு கீறல் இல்ல. டிரைவர் மாமா தூங்குறாருன்னு பேசிக்கிட்டு இருந்துச்சுகளாம்.

நான் போனேன் சார். பேசலன்னா என்ன, போகாம இருப்பனா? கேலரி ஆளுக எல்லாம் வந்திருந்தோம். பெனடிக்டு வந்திருந்தான், தூத்துக்குடியிலருந்து. எவன் சொல்லிவிட்டான்னு தெரியல. வேதக்காரப் பையன், சர்ச்சுக்குப் போறவன், ஆனா பாடைக்குத் தோள் குடுப்பேன்னு நின்னான். அவன் உயரத்துக்குப் பாடை ஒரு பக்கமா மேல ஏறிக்கிச்சு, ராசாங்கம் சரிஞ்சு விழுந்துருவான் போல இருந்துச்சு. "டேய், எறக்கிப் புடிடா"ன்னு கத்தினேன். அவன் முழங்காலை மடக்கிக்கிட்டான். வீட்டுலருந்து ஆத்தங்கரை வரைக்கும் அந்த நெட்டையன் முழங்காலை மடக்கிக்கிட்டே நடந்து வந்தான். சுருளி முன்னாடி ஒரு கையில கொள்ளிச் சட்டி, மறு கையில ஊணுகம்போட, காலை அகட்டி அகட்டி வீசி வச்சு நடந்தான். அவன் நடைக்குத்தான் மொத்த ஊரும் நடந்துச்சு.

சுடுகாட்டுல எறக்கி வச்சு, மொட்டை போட நாவிதர் கத்தியைத் தீட்டிக்கிட்டிருந்தாரு. நாங்க வேப்பமரத்தடியில நின்னோம். நான் ஆரம்பிக்கல சார், சத்தியமா. எவனோ ஒருத்தன், "பெனடிக்டு இம்புட்டுத் தூரம் வந்திருக்கானே, நல்ல மனசுய்யா"ன்னான். உடனே அபுதாகிரு, "நல்ல மனசுதான். அவனை இந்த ஊருக்கு வாங்காம இருந்திருந்தா ராசாங்கம் இன்னைக்கி வேன் ஓட்டிக்கிட்டிருப்பான்"னான்.

அதைக் கேட்டுட்டு நான் எப்படிச் சும்மா இருக்கிறது? "நெஞ்சுவலிக்கும் டீமுக்கும் என்னய்யா சம்பந்தம்? மாத்தலன்னா கப்பு வந்திருக்குமா, அதைச் சொல்லு"ன்னேன். அவன், "கப்பை வச்சு என்ன பண்ணுன, பருப்பு அளக்குறியா?"ன்னான். இன்னொருத்தன் பெனடிக்டு போர்டுல பட்டு வந்த பந்து எத்தனை எடுத்தான்னு ரீபவுண்டு கணக்குச் சொல்றான். இன்னொருத்தன், சுருளி இருந்திருந்தா இந்த வருசமும் ஃபைனல்ங்கிறான். சத்தம் ஏறிப்போச்சு. கேலரி மாதிரியே ஆயிருச்சு.

"மாமா."

சுருளிதான். கம்பை ஊணிக்கிட்டு எங்களைப் பாத்து நின்னுக்கிட்டிருந்தான். எவ்வளவு நேரமா நின்னான்னு தெரியல.

"அன்னைக்கி எங்கிட்டக் கேட்டிருந்தீங்கன்னாலும், போறேன்னுதான் மாமா சொல்லியிருப்பேன். நமக்குக் கப்பு வேணும்ல."

எனக்கு ஒடம்பே சிலுத்துருச்சு சார். "கேட்டுக்க தாகிரு! கேட்டுக்கய்யா! அவனே சொல்லிட்டான்!"ன்னேன். அபுதாகிரு தோள்துண்டை எடுத்து மூஞ்சியை மூடிக்கிட்டான். பெனடிக்டு ஆத்தைப் பாத்துத் திரும்பிக்கிட்டான். இத்தனை நாள் வழக்கு, பையன் வாயாலயே தீந்துருச்சு, ஒருத்தனாவது ஆமான்னு சொல்லணும்ல?

நாவிதரு கூப்பிட்டாரு. மொட்டை போட ஒரு கல்லு கெடந்துச்சு, தாழ்வா. சுருளி அதைப் பாத்தான், என்னைப் பாத்தான். "ஒரு கை குடுங்க மாமா, கீழ உக்காரணும்"னான்.

நான்தான் புடிச்சேன். ரெண்டு கக்கத்துலயும் கையைக் குடுத்து எறக்குனேன். அந்தக் காலு மடங்கவே இல்ல சார், முன்னாடி நீட்டிக்கிட்டு நிக்குது. அவன் பாரம் பூராவும் என் கையில. அந்தரத்துல நிப்பானே, அந்தப் பையன். அம்புட்டுக் கனம். எறக்கி உக்கார வச்சுட்டேன். "விடுங்க மாமா, உக்காந்துட்டேன்"ங்கிறான். எனக்குக் கை வர மாட்டேங்குது. நாவிதரு வந்து என் தோளைத் தொட்டு, "தள்ளிக்கங்க பெத்தணண்ணே"ன்னாரு. அப்புறந்தான் விட்டேன்.

அன்னையிலருந்து கேலரியில கூட்டம் கொறஞ்சு போச்சு. அபுதாகிரு நம்ம கடைப்பக்கம் வர்றதில்ல. நான் பாட்டுக்குப் போயி உக்காந்துட்டு வர்றேன். எவனாவது மறுபடி அந்தப் பேச்சை எடுத்தா, பதிலை ரெடியா வச்சிருக்கேன், அவனே சொல்லிட்டான்யா, போறேன்னுதான் சொல்லியிருப்பானாம்னு.

ஒருத்தனும் கேக்குறதில்ல சார்.